முழங்காலிலிருந்து தலைக்கு

முதல் அட்டை கடித்தபோது சுருக்கென்றது, அவ்வளவுதான். விளையாட்டு விழா அன்று பேட்ஜ் குத்திவிடுகிற பிள்ளை கை தவறி ஊக்கைத் தோளில் ஏற்றிவிடுமே, அந்த அளவு. "வலிக்கா டீச்சர்?" என்று பகவதி சிஸ்டர் குனிந்தபடியே கேட்டாள். "இல்லம்மா" என்றாள் ஞானப்பூ. சொன்ன பிறகும் அந்தச் சொல் வாயைவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் நின்றது. இன்று காலையிலிருந்து அவள் சொன்ன இல்லைகளில் இது ஒன்றுதான் உண்மை. சற்று முன்னால் டாக்டர் இசக்கி வந்து, ஒவ்வொரு தடவையும் கேட்கிற அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டாள். போன தடவைக்கு அப்புறம் புதுசா ஏதும் தொந்தரவு உண்டா டீச்சர்? இல்ல டாக்டர். வேற எங்கயும் வைத்தியம் பாத்தீங்களா? இல்ல டாக்டர். மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா? இல்ல. கடைசி இல்லைக்கு 'டாக்டர்' சேர்க்க மறந்துபோனது அவளுக்கு இப்போது உறுத்தியது, அதனால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது தட்டியிருக்குமோ என்று. தட்டியிருக்காது. தன்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும் அவளுக்கு, பெரியவர்கள் சொன்னால் நம்புகிற முகம். இந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் மூட்டு வலிக்கு அட்டை விடுவது எந்த அளவு கேட்கிறது என்று பார்க்கிறார்கள். வந்தவர்களில் சிலருக்கு அட்டை, சிலருக்குத் தைலம். யாருக்கு எது என்று மூடிய உறையைக் கிழித்துத்தான் முடிவு செய்தார்கள். ஞானப்பூவின் உறைக்குள் அட்டை இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கோ-கோ ஆடிய முழங்கால், ஆடச் சொல்லிக்கொடுத்த முழங்கால், கடைசியில் பஸ் படியில் ஏற மறுத்த முழங்கால். முதல் தடவை அட்டை விட்டு ஒரு வாரத்தில், அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் வீட்டு மாடிப் படியில் ஏறிவிட்டாள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஜெபமணி கை தட்டினார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். இப்போதும் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். பேப்பரில் ஒரு வரி விடமாட்டார், கல்யாண மண்டப விளம்பரம்கூட. அவருக்கும் தெரியாது.

இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்தடுத்து வாய் வைத்தன. ஒன்று மட்டும் பிடிவாதமாகத் தலையைத் தூக்கித் தூக்கிக் காற்றில் எதையோ தேடியது. பகவதி சிஸ்டர் ஊசி முனையால் தோலை லேசாகத் தொட்டு ஒரு பொட்டு ரத்தம் வரவைத்தாள், உடனே அதுவும் குனிந்துகொண்டது. குனிந்த அட்டையின் கழுத்து குதிரை லாடம் மாதிரி வளைந்து நின்றது. நனைத்த துணியை அவற்றின் மேல் போர்த்திவிட்டு சிஸ்டர் போனாள். துணிக்கடியில் குளிர்ச்சி. குளிர்ச்சிக்கு நடுவில் நாலைந்து இடத்தில் மெல்லிய இழுப்பு, பால் குடிக்கிற குழந்தை இழுப்பது போல. அட்டை. அந்தச் சொல் அவளிடம் கொஞ்ச நாளாகவே சரியாக உட்காரமாட்டேன் என்கிறது. அட்டை என்றால் ரேஷன் அட்டை வருகிறது, பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை வருகிறது, பிறகுதான் வழவழவென்று கறுப்பாக இது வருகிறது. முன்பெல்லாம் இதுதான் முதலில் வரும். அப்பாவும் அம்மாவும் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். மழை மாசம் அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்தால் கெண்டைக்காலில் இருந்து ரத்தம் கோடு கோடாக வழிந்திருக்கும். அவள் வாசலில் உட்கார்ந்து சேலையைத் தூக்கிக்கொண்டு, மூக்குப்பொடி முடிந்த துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுவாள், தொட்டதும் விழும். ஞானப்பூ குச்சியால் அதைச் சுருட்டி அடுப்பில் போடுவாள். அது வெடிக்கிற சத்தம். பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டே அடுத்ததைத் தேடுவாள். அம்மாவுக்கு முட்டிவலி வந்ததே இல்லை, இப்போது நினைத்தால் அதிசயமாக இருக்கிறது. தலைவலிதான் எப்போதும். சேலைக் கிழிசலால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சமைப்பாள். சில நாள் பேர் மாற்றிக் கூப்பிடுவாள். சில நாள் அடுப்பைப் பார்த்தபடியே நின்றுவிடுவாள், சோறு குழைந்துபோகும். எத்தனை வருஷம். ஒருத்தரும் அவளை எந்த மிஷினிலும் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. அப்படியென்றால் அம்மாவுக்கும்? அந்த இடத்தில் எண்ணம் முள்ளில் துணி மாட்டியது போல நின்றது. இழுத்தால் கிழியும். அவள் இழுக்கவில்லை. கால் பக்கமாக மெல்லத் திரும்பி வந்துவிட்டாள், துணிக்கடியில் இருக்கிற குளிர்ச்சிக்கு.

"என்ன டீச்சர், குடிக்காவளா உங்க ஆளுங்க?" மாரிக்கனி எட்டிப் பார்த்தாள். பீடி சுற்றுகிறவள், உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு முட்டியும் வீங்கிப்போனவள். அவளுடைய உறையில் தைலம்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் வழியும் காலோடு வந்து அட்டையைப் பார்த்துவிட்டுப் போவாள், அடுத்த வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பது போல. "குடிக்குது, குடிக்குது" என்றாள் ஞானப்பூ. "ஒங்களுக்கு யோகம். எனக்கு இந்த எண்ணெயைத் தேச்சுவிட்டுட்டு, வலி எம்புட்டு இருக்கு, பத்துல எம்புட்டுன்னு கேக்காவ. வலிக்கு மார்க்கு போட நான் என்ன வாத்தியாரா?" என்றாள் மாரிக்கனி. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு ஞானப்பூவின் தலைக்குள் போய் எங்கோ இடித்துக்கொண்டு திரும்பியது. "அந்தப் படத்துல என்ன போட்டிருக்கு டீச்சர்? ஒவ்வொரு தடவையும் அதையேதான பாக்கீய" என்று மாரிக்கனி சுவரைக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்தாளா? ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "டாக்டரம்மா செஞ்ச வேற ஒரு ஆராய்ச்சி" என்றாள். "முட்டிக்கா?" "இல்ல. தலைக்கு." "தலையிலயும் அட்டை விடுவாவளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், எண்ணெய்க் கால் வழுக்காமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாரிக்கனி போனாள்.

தலைக்கு. முதல் தடவை வந்தபோது அந்தச் சுவரொட்டியை அவள் எந்தச் சுவரிலும் எதையும் வாசிப்பது போல வாசித்தாள். அட்டையின் உமிழ்நீரிலிருந்து சாறு எடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த மூளைக்கட்டி செல்களின்மேல் விட்டுப் பார்த்தார்களாம். இரண்டு படம். இடது பக்கப் படத்தில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, பந்தயம் தொடங்குமுன் கோட்டை மிதிக்கிற பிள்ளைகள் மாதிரி. வலது பக்கப் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றும், மழை வந்து ஆட்டம் கலைந்த மைதானம். கீழே டாக்டர் இசக்கியின் பெயர். நல்ல கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள், அப்போது அது யாருக்கோ. பிறகு அந்தத் திங்கட்கிழமை காலை. ப்ரேயருக்குப் பள்ளிக்கூடம் முழுக்க மைதானத்தில் நின்றது. அவள் மேடைப் படியில் ஏறி, விசில் ஊதி, கையை உயர்த்தி, "ஸ்கூல்..." என்றாள். அடுத்து வரவேண்டிய, பிள்ளைகளை விறைப்பாக நிற்கவைக்கிற சொல் வரவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது என்பார்களே, அப்படிக்கூட இல்லை. அது இருந்த இடத்தையே யாரோ வழித்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். ஆயிரம் தடவை சொன்ன சொல். "ஸ்கூல், தண்ணி!" என்றாள். கட்டளைக் குரல் மட்டும் கொஞ்சமும் பிசகவில்லை. முன்வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு கீழ்ப்படிந்து, காலடியில் கிடந்த பைகளிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார்கள். பின்வரிசைகளும் குடித்தன. தலைமையாசிரியை சிரித்துக்கொண்டு, வெயிலுக்கு நல்ல யோசனைதான் டீச்சர் என்றாள். அவளும் சிரித்தாள். வாய் முழுக்க மணல் போட்டது போல இருந்தது. அந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடித்தபோது ஆடிய தொண்டைகள், அத்தனை சின்னச் சின்னத் தொண்டைகள், அவை இப்போதும் கண்ணை மூடினால் வரிசையாக ஆடுகின்றன.

பிறகு மதுரை. பி.டி. டீச்சர்களுக்குப் பயிற்சி முகாம் என்று ஜெபமணியிடம் சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறினாள். அங்கே ஒரு வெள்ளைக் குழாய்க்குள் படுக்கவைத்து, முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, அசையக் கூடாது என்றார்கள். உள்ளே போனதும் யாரோ தகர ஷெட்டைச் சுத்தியலால் அடிப்பது போல அடித்தது. விட்டு விட்டு அடித்தது. அவள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லிப் பார்த்தாள், பாதியில் வரி நழுவியது. கடைசியில் கோ-கோ ஆட்டத்தை நினைத்துக்கொண்டு கிடந்தாள். வரிசையில் குந்தி உட்கார்ந்திருக்கிறாள், முதுகுக்குப் பின்னால் ஓடுகிற காலடி கேட்கிறது, எப்போது வேண்டுமானாலும் முதுகில் ஒரு கை விழலாம், திரும்பிப் பார்க்கக் கூடாது. பிறகு அந்த ஆபரேஷன் டாக்டர் வெளிச்சப் பலகையில் படத்தைச் செருகி, விரலால் தொட்டுக் காட்டினார். இடது பக்கம், காதுக்கு மேலே, கொய்யாப் பிஞ்சு அளவுக்கு ஒரு வெளுப்பு. பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கம்மா, தள்ளிப்போடாதீங்க, எடுத்துப் பாத்தாத்தான் என்ன மாதிரின்னு சொல்ல முடியும், அடுத்த மாசம் முதல் புதன்கிழமை வந்து சேருங்க, வரும்போது வீட்டுல உள்ளவங்களைக் கூட்டிட்டு வாங்க. வீக்கம் குறைய ஒரு மாத்திரை, வலிப்பு வராமலிருக்க ஒரு மாத்திரை. அவற்றை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறையில், ஸ்கிப்பிங் கயிறுகளெல்லாம் கிடக்கிற பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் பந்துக்குக் காற்றடிக்கப் போவது போலப் போய் விழுங்கிவிட்டு வருகிறாள். முதல் புதன்கிழமை என்பது இந்த வாரப் புதன்கிழமை. சொல்லவேண்டும். ஜெபமணியிடம் எப்படிச் சொல்வது. அவருடைய அண்ணன் ஆசீர் கரண்டுக் கம்பத்திலிருந்து விழுந்து, தலையைத் திறந்து தைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்த மனுஷன் படுக்கையில் கிடந்தார், கண் மட்டும் அசையும். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டி, வாயோரம் வழிவதைத் துடைத்து, புரட்டிப் போட்டு, எல்லாம் ஜெபமணிதான். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது அவர் சொன்னார், நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு என்ன வந்தாலும் தலையை மட்டும் திறக்கவிடக் கூடாது பூவு. அவளும் சரி அத்தான் என்று சொல்லிவிட்டாள். அந்தச் சரியை எங்கே கொண்டுபோய் வைப்பது.

அதனால்தான் இந்த அட்டை. இப்போது இவை குடித்துக்கொண்டிருக்கின்றன, குடிக்கும்போதே எச்சிலைத் தருகின்றன, டாக்டரே முதல் நாள் சொன்னாள், அது எடுக்கிறது மட்டுமில்ல டீச்சர், குடுக்கவும் செய்யும் என்று. கொடுத்த எச்சில் முழங்காலிலேயே நின்றுவிடுமா என்ன. ரத்தம் நிற்கிற சாமானா. தொடை வழியாக ஏறும், இடுப்பைத் தாண்டும், நெஞ்சுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, கழுத்தில் துடிக்கிறதே அந்த வழியாக, மலைப் பாதையில் ஏறுகிற தோட்டத்து லாரி மாதிரி வளைந்து வளைந்து, மூடுபனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு, காதுக்கு மேலே அந்த இடத்துக்குப் போய்ச் சேரும். அங்கே அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். இது போய் ஒவ்வொருத்தராகத் தொடும். தொட்டதும் விழும். கோடு காலியாகும், மழை பெய்யும், மைதானம் மைதானமாக ஆகும். இப்படித்தான் போன தடவையும் படுத்துக்கிடந்தபடி அவள் நினைத்தாள், இன்றும் நினைக்கிறாள், நினைக்க நினைக்கக் கண் சொக்குகிறது. முழங்காலிலிருந்து தலைக்கு வெகுதூரம். நேரே அங்கேயே ஒன்றை விட்டால்? ஒன்றே ஒன்று. காதுக்கு மேலே மயிரை ஒதுக்கிவிட்டால் போதும். கேட்கலாம். கேட்டால் டாக்டர் எதற்கு என்பாள். எதற்கு என்றால் சொல்ல வேண்டும். சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் அட்டையும் இல்லை, லாரியும் இல்லை, மழையும் இல்லை. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் புதன்கிழமை வரும், புதன்கிழமை போகும். இன்னும் ரெண்டு மூணு தடவை அட்டை விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு படம் எடுத்துப் பார்த்து, அது சின்னதாகியிருந்தால் அத்தானிடம் ஒரு கதை மாதிரிச் சொல்லிவிடலாம், இப்படி ஒன்று இருந்தது, போய்விட்டது என்று. அவர் கை தட்டுவார். கேட்கலாம். கேட்கக் கூடாது. மின்விசிறி ஒரே இடத்தில் டக் என்று இடித்து இடித்துச் சுற்றியது. கேட்கலாம், டக், கேட்கக் கூடாது, டக்.

அப்போது, கொஞ்ச நாளாக அடிக்கடி வருகிற அந்த வாடை வந்தது. நனைந்த சுண்ணாம்பு. ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியில் தண்ணீர் பட்டால் புகைந்துகொண்டு ஒரு சூட்டு வாடை கிளம்புமே, அது. இந்த அறையில் சுண்ணாம்பு கிடையாது, அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் மூக்கு கேட்கவில்லை. வாடைக்குப் பின்னாலேயே, எப்போதும் போல, அந்த மற்றது வந்தது. இதெல்லாம் ஏற்கெனவே நடந்துவிட்டது. இந்த நீலத் திரை, சுவரில் இந்த விரிசல், வெளியே யாரோ இருமுகிற இருமல், எல்லாம் முன்னால் ஒரு தடவை இதே வரிசையில் நடந்து முடிந்துவிட்டது, அடுத்து என்ன என்பதும் தெரியும், இதோ சொல்லிவிடலாம், சொல்லப்போகிற அந்த நிமிஷத்தில் அது வழுக்கி ஆழத்துக்குப் போகிறது. அவளும் கூடவே இறங்கினாள். பயமாகக்கூட இல்லை. தண்ணீருக்கடியில் பச்சை வெளிச்சம் போல இருந்தது. அம்மா தலையில் கட்டோடு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அடுப்புக்குள் மைதானம், மைதானத்தில் பிள்ளைகள் எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எங்கிருந்தோ, வெகு மேலேயிருந்து.

"டீச்சர். டீச்சர். ஞானப்பூ டீச்சர்." டாக்டர் இசக்கி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற கை ஜில்லென்றிருந்தது. துணி விலகியிருந்தது. ஒரு அட்டை குடித்து முடித்து, பெருத்துப்போய், படுக்கை விரிப்பில் நாவற்பழம் மாதிரி உருண்டு கிடந்தது. அது விட்ட இடத்திலிருந்து ரத்தம் மெல்லக் கசிந்து காலோரம் இறங்கியது. "நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. எங்க போயிட்டீங்க டீச்சர்?" ஞானப்பூ அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். நம்புகிற முகம் இப்போது நம்பாமல் பார்த்தது. "டாக்டர்," என்றாள், "ஒண்ணே ஒண்ணு, இங்க விடுதீங்களா?" கையைத் தூக்கிக் காதுக்கு மேலே தொட்டுக் காட்டினாள். "அங்கயும் வலிக்கா?" "வலிக்கல." "பின்ன எதுக்கு?" மின்விசிறி இடித்தது. "அங்க ஒரு கட்டி இருக்கு" என்றாள் ஞானப்பூ. சொல்லிவிட்டாள். இவ்வளவு சின்ன வாக்கியமா அது. டாக்டர் இசக்கி திரும்பிச் சுவரொட்டியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். பகவதி சிஸ்டரிடம் மஞ்சள் பொடி கேட்டு வாங்கி, குடித்துக்கொண்டிருந்த மற்ற அட்டைகளின் வாயருகே தானே தூவினாள். அவை ஒவ்வொன்றாகச் சுருண்டு விட்டன. கடித்த இடங்களில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"எப்பத் தெரியும்?" "முதல் தடவை அட்டை விட்டதுக்கு அப்புறம்." "மாத்திரை?" சொன்னாள். "ஆபரேஷன் எப்ப?" "வாற புதன்கிழமை, மதுரையில." டாக்டர் இசக்கி கண்ணை மூடித் திறந்தாள். "டீச்சர், அட்டையோட எச்சில் ரத்தத்தை உறையவிடாது. முட்டியில இன்னைக்குப் பூரா கசியும், அதுக்குத்தான் இவ்வளவு பெரிய கட்டு போடுதோம். தலையைத் திறக்கப் போற ஆளுக்கு நான் அட்டை விட்டிருக்கேன். ஒங்ககிட்ட கேட்டேனே, ஒவ்வொண்ணாக் கேட்டேனே." பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை இப்படி நிற்கவைத்துக் கேட்டிருக்கிறாள். "அந்தப் படம்..." என்று ஆரம்பித்தாள், மேற்கொண்டு வார்த்தை வராமல் சுவரை மட்டும் காட்டினாள். டாக்டர் இசக்கி ஸ்டூலை இழுத்துப்போட்டு, பஞ்சை அழுத்தியபடியே உட்கார்ந்தாள். "அது கண்ணாடித் தட்டு டீச்சர். அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மண்டை ஓடு கிடையாது, பேச்சு கிடையாது. அந்தச் சாறை ஒரு எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல. தட்டுல செத்தது மனுஷன் தலைக்குள்ளயும் சாகும்னு அந்தப் படம் சொல்லல. நானும் சொல்லல. ஒரு காலத்துல சொல்லலாமோ என்னமோ. நீங்க அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது." "முட்டிக்குக் கேட்டுதே டாக்டர். முட்டிக்குக் கேட்டது தலைக்கும்..." "முட்டிக்குக் கேட்டுது. அதைக்கூட நான் இன்னும் எல்லாரையும் பாத்துத்தான் சொல்லணும். இது முட்டி இல்ல." "அப்ப என்னைய இதுல இருந்து எடுத்துருவீங்களா?" கேட்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது, அணியிலிருந்து என்னை எடுத்துவிடாதீர்கள் டீச்சர் என்று அழுத பிள்ளைகளின் குரல் அது. "எடுத்துருவேன்" என்றாள் டாக்டர் இசக்கி. பிறகு, சட்டென்று தணிந்த குரலில், "நானும் அந்த வலது பக்கப் படத்தைப் பாத்துக் கனவு கண்டவதான் டீச்சர். இல்லேங்கல. ஆனா கனவை நம்பி ஒங்களை வெளியே அனுப்ப மாட்டேன். மதுரை டாக்டர் நம்பரைக் குடுங்க. இன்னைக்கு அட்டை விட்டதை நானே அவர்கிட்ட சொல்லுதேன். புதன்கிழமை செய்யலாமா, தள்ளணுமான்னு அவர் சொல்லட்டும். ஸார் வெளியதான இருக்காங்க? கூப்பிடட்டா?" "வேண்டாம்," என்றாள் ஞானப்பூ, "நான் சொல்லுதேன்." எழுந்து நின்றாள். கட்டுப் போட்ட கால் வலியே இல்லாமல் அவளைத் தாங்கியது. அது அவளுக்கு அநியாயமாகப் பட்டது.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. ஜெபமணி பேப்பரை நாலாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, "என்ன பூவு, சீக்கிரமே விட்டுட்டாங்க? வயிறு நெறஞ்சிட்டா அதுகளுக்கு?" என்றார். சிரிக்கிற கண். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவரையும் உட்காரச் சொன்னாள். சொற்கள் வராமல் போய்விடுமோ என்று பயந்தாள், வேறு ஏதாவது வந்துவிடுமோ, தண்ணி என்று வந்துவிடுமோ. ஆனால் எல்லாம் ஒழுங்காக வந்தன, ஒவ்வொன்றும் தன் இடத்தில். "அத்தான், எனக்குத் தலையில ஒரு கட்டி இருக்கு. மதுரைக்குப் போனேன்ல, அது பயிற்சிக்கு இல்ல. படம் எடுத்துப் பாத்தாங்க. ஆபரேஷன் செய்யணும்னு சொல்லுதாங்க. தலையைத் திறந்துதான் செய்யணும்." பேப்பர் விசிறுவது நின்றது. அவர் அண்ணன் பெயரைச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். கத்துவார், அல்லது எழுந்து மரத்தைச் சுற்றி நடப்பார், கோபம் வந்தால் அப்படித்தான். அவர் அவளுடைய தலையைப் பார்த்தார், வகிடு, காதோரம் நரைத்த மயிர், முதல்முறையாகப் பார்ப்பது போல. பக்கத்து பெஞ்சில் ஒரு குழந்தை கீச்சென்று கத்தியது, ஒரு ஆட்டோ வந்து ஆளை இறக்கிவிட்டுப் போனது. கட்டுக்குள்ளிருந்து ரத்தம் ஊறிச் சேலையில் ஒரு பொட்டாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் குந்தி, வெள்ளை வேட்டி மண்ணில் புரள, இரண்டு உள்ளங்கையாலும் அவள் முழங்காலைச் சுற்றிப் பொத்தி அழுத்திக்கொண்டார். "எங்க பாத்த? நல்ல டாக்டரா?" என்று கேட்டார். "நல்லவர் மாதிரித்தான் இருக்கு." "செஞ்சா சரியாவும்ங்காரா?" "எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்ங்கார். பேச்சு..." என்றாள். "திறக்கட்டும்" என்றார், தரையைப் பார்த்தபடி. இன்னொரு தடவை சொன்னார், "திறந்து பாக்கட்டும். நான் இருக்கேன்லா." விரல் இடுக்குகளில் சிவப்பு கசிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தினார். "படம் எடுக்கையில குழா மாதிரி ஒண்ணுக்குள்ள தள்ளுவாங்களே, அண்ணனுக்குக்கூட... அதுக்குள்ள போயி தனியாவா படுத்திருந்த?" என்று கேட்டார். "வெளியே நம்ம ஆளுன்னு ஒருத்தரும் இல்லாம, தனியாவா படுத்திருந்த நீ?" ஞானப்பூ தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.